ஓட்டுநர் இருக்கையில் தொண்ணூற்றாறு கிலோ

முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆளைப் போல நின்றது வண்டி. எட்டு மாதமாக வீட்டு வாசலில் அநேகமாக ஓடாமலே கிடந்தது. அன்று காலை அண்ணன்தான் போய் அதை எடுத்துவந்து, தன் பட்டறையின் சமதளத்தில் நிறுத்தினான். மாலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தது. பிடித்துவிட்டால் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"விக்கிற வண்டியைக் குளிப்பாட்டி விட்டா போதாதா? நீ என்னடான்னா மூக்கை நிமித்தணும்னு நிக்கிற" என்றான் அண்ணன்.

"தொங்கின மூக்கோட அனுப்புவாங்களா? நம்ம பட்டறையிலிருந்து போற வண்டி" என்றாள் தங்கை.

அண்ணன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு சக்கர அலைன்மென்டுக்கு வந்திருந்த வேறொரு காரின் பக்கம் போய்விட்டான். அவனுக்கு அவளைவிட மூன்றே வயது கூடுதல். எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்த மூன்று வயது அது.

அது அவள் கணவரின் வண்டி. ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. பதினொரு வருடமாக அதை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடந்தது. போன வருடக் கடைசியில் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்து, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். அவரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் நாளே மேட்டில் இருந்த ஒரு சிக்னலில் அவருடைய கால் கிளட்சின் மேல் நடுங்கியது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. எதிலும் இடிக்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்ததை அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. "என்னை நம்பி நாலு பேர் பின்னாடி உக்கார்றாங்க. எனக்கே என் காலை நம்ப முடியலைன்னா எப்படி?" என்றார். போன வாரம், விற்றுவிடலாம் என்றார். அவள் சரி என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் காலைப் பற்றி அவரைவிட அவளுக்கு என்ன தெரியும்? அதை மென்று விழுங்கிவிட்டு, விற்கிற வண்டியின் மூக்கையாவது நிமிர்த்துவோம் என்று வந்துவிட்டாள்.

நாலு டயரிலும் காற்று ஒரே அளவா என்று பார்த்தாள். பார்த்ததையே இன்னொரு முறை பார்த்தாள். அண்ணனுடைய பட்டறைக்கு, வருகிற போன்களை எடுத்துப் பேசும் வேலைக்காக வந்தவள் அவள். இப்போது செவ்வாய், வியாழன் மாலைகளில் தொழிற்பள்ளி வகுப்புக்குப் போகிறாள். வகுப்பில் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். அளந்ததையும் எழுதுவாள். எழுதிய ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவாள். "டேப்பே தப்பா காட்டினாலும் காட்டும்னு சந்தேகப்படுற ஆளு நீ" என்று அண்ணன் கேலி செய்வான்.

அடுத்து மூட்டைகள். மூலையில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து ஓட்டுநர் இருக்கையில் வைத்தாள். இருபது கிலோ மூட்டை நாலு. பத்து ஒன்று. ஐந்து ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிலோ சுத்தியல். சரிந்து விழாமல் இருக்க சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

இது அந்தப் பட்டறையின் பழக்கம். காலி வண்டியை அளந்து சமன் செய்தால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் இறங்கிவிடும் என்பது அண்ணனின் வாதம். அதனால் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்களின் எடைக்கு மூட்டை வைத்துத்தான் உயரம் பார்ப்பான். "உங்க எடை எவ்வளவு?" என்று கேட்டு வாடிக்கையாளர்களிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சம் இல்லை. ஒரு பெண்மணி ஐம்பத்தைந்து என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போய், வண்டி சாய்கிறது என்று மறுநாளே திரும்பி வந்தார். "வண்டி சாயலைங்க, நீங்க சொன்னதுதான் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றான். அவர் அதற்கப்புறம் வரவே இல்லை.

மூட்டைகள் உட்கார்ந்ததும் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டிவிட்டாள். ஆடி அடங்கியதும் அளந்தாள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை. ஓட்டுநர் பக்கம் நானூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். அடுத்த பக்கம் நானூற்று அறுபத்திரண்டு. பின்னால் இரண்டு பக்கமும் நானூற்றுத் தொண்ணூற்று நாலு. நாலு கேள்விக்குறிகள்.

அந்த வண்டியின் முன்சக்கரங்களுக்குச் சுருள்வில் கிடையாது. இரண்டு பக்கமும் அடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு. அது முறுக்கிக்கொண்டு நின்றுதான் எடையைத் தாங்கும். நாள் ஆக ஆக முறுக்கு விட்டுப்போய் மூக்கு இறங்கும். தண்டின் பின்முனையில் ஒரு போல்ட் இருக்கிறது. அதை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். கேட்பதற்கு அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கம் தூக்கினால் அடுத்த பக்கமும் கொஞ்சம் நகரும். அதைச் சரிசெய்தால் இது நகரும். கட்டிலில் இரண்டு பேருக்கு ஒரே போர்வை மாதிரி.

ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டு, அடியில் படுத்தாள். போல்ட்டில் காய்ந்து இறுகிய சேறு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டு, கால்மணி நேரம் காத்திருந்து, ஸ்பானரைப் போட்டாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தபோது ஒரு முனகலோடு நகர்ந்தது. இரண்டு சுற்று. இறக்கினாள், வண்டியை முன்னும் பின்னும் உருட்டினாள், ஆட்டினாள், அளந்தாள். மறுபடி தூக்கினாள். ஐந்து முறை இப்படி. மூன்று மணி வாக்கில் இரண்டு பக்கமும் நானூற்று எண்பத்தைந்தில் வந்து நின்றன. எழுந்து தள்ளிப் போய்ப் பார்த்தாள். தேடிக்கொண்டிருந்த ஆள் தலை நிமிர்ந்து நின்றது போல இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்த அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றினான். "பரவாயில்லையே" என்றான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"இது யாரு?"

"எது யாரு? மூட்டை."

"மூட்டைதான். யாரோட மூட்டை?"

"என்ன அண்ணா உளர்ற?"

"வாங்க வர்றவரை நீ பார்த்திருக்கியா? அவர் எடை தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கு நாம எவ்வளவு வைப்போம்?"

"எழுபத்தஞ்சு."

"அப்போ சுத்தியல் எதுக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். நாலு இருபது, பத்து, ஐந்து, மேலே சுத்தியல். தொண்ணூற்றாறு. வருடம் தவறாமல் இந்த வண்டிக்கு அவள் கண்ணெதிரே அண்ணன் வைத்த எடை. அறுவை சிகிச்சைக்கு முன்பு கணவர் இருந்த எடை. அவர் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பக்கம் மெதுவாக இறங்கும். பின்னாலிருந்து மகள், "அப்பா ஏறியாச்சு, கப்பல் கிளம்பலாம்!" என்று கத்துவாள். யாரோ ஒருவருக்கு விற்கப்போகிற வண்டியில், கை தன் பாட்டுக்கு அவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறது. பெல்ட் வேறு மாட்டி.

"ஐயோ" என்றாள். "மூணு மணி நேரம் வீணாப் போச்சு. இப்போ முதல்லேர்ந்து பண்ணணும்."

"அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றான் அண்ணன். அவன் குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "ஏம்மா, விக்க வேண்டாம்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்ல எனக்கு என்ன உரிமை? ஓட்டறது அவரு கால்."

"உன் கைக்கு இருக்கிற தைரியம் உன் வாய்க்கு இல்லை."

அப்போது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பட்டறை, தெருவைவிடப் பள்ளத்தில் இருந்தது. தெருவிலிருந்து உள்ளே வர ஒரு சரிவு. அந்தச் சரிவில், கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கணவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கவரில் வண்டியின் காகிதங்களும் இரண்டாவது சாவியும் இருந்தன. ஐந்து மணிக்கு வருகிறேன் என்றவர் மூன்றரைக்கே வந்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கதவைச் சாத்தப் பார்த்தான். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான், என் இடத்துல யாரோ சொகுசா உக்காந்திருக்காங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து எண்ணினார். விரலால் ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டு எண்ணினார். சுத்தியலில் வந்து விரல் நின்றது.

"இது நான்தானே?" என்றார்.

"பழக்க தோஷத்துல வச்சுட்டேங்க" என்றாள் அவள். "மாத்திடறேன். அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடுவேன்."

அவர் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணனும் அவளும் மூட்டைகளை இறக்கினார்கள். அவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்து, கொஞ்சம் திணறி, ஏறி உட்கார்ந்தார். அவள் தன்னை அறியாமல் டேப்போடு குனிந்துவிட்டாள். ஓட்டுநர் பக்கம் நானூற்றுத் தொண்ணூறு.

"எவ்வளவு?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"அது... டேப் சரியா பிடிக்கலை."

"நீயா? சும்மா சொல்லு."

"அஞ்சு மில்லிமீட்டர் தூக்கலா இருக்கு."

கண்ணுக்குத் தெரியாத அளவு. தெரிந்தால் இந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். அவர் ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்தார்.

"நான் உக்காந்ததே இதுக்குத் தெரியலை பாரு" என்றார்.

அவள் டேப்பை விட்டாள். அது சடாரென்று சுருண்டுகொண்டது. வகுப்பில் சொன்ன ஒன்றுதான் வாயில் வந்தது. "தெரியுதுங்க. நீங்க ஏறினதும் இறங்கத்தான் செஞ்சது. நான் வச்ச அளவுதான் பழசு."

அவர் இறங்கினார். நேராகப் பட்டறையின் பின்பக்கம் நடந்தார். அங்கே பழைய இரும்பை நிறுக்கிற தராசு இருந்தது. மூட்டைகளை நிறுத்ததும் அதில்தான். மருத்துவமனையிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் எந்தத் தராசின் மேலும் ஏறவில்லை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் அறையில்கூட, "போன தடவை பார்த்தாச்சே" என்று நழுவிவிடுவார். இப்போது சுத்தியலை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏறி நின்றார்.

"மாப்பிள்ளை, இரும்பு விலைக்கே எடுத்துக்கட்டுமா?" என்றான் அண்ணன்.

"துருப்பிடிச்சதுக்கு என்ன விலை தருவீங்க?"

முள் அறுபத்தாறில் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து பயந்து கதவைத் திறந்தவர், உள்ளே வெறும் அறைதான் இருக்கிறது என்று கண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"ஐம்பதுக்குப் போயிருப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

அண்ணன் மனக்கணக்குப் போட்டான். "ஒரு இருபதையும் ஒரு பத்தையும் எடுத்துட்டா போதும். மூணு இருபது, ஒரு அஞ்சு, சுத்தியல். சுத்தியல் இன்னும் உங்ககிட்டதான் இருக்கு மாப்பிள்ளை, அது எங்கயும் போகலை."

இந்த முறை அவர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தையல் போட்ட இடம்.

அவள் நோட்டைத் திறந்தாள். எத்தனை மூட்டை வைப்பது என்பது அவளாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் கேட்கலாம். கேட்பது வேலையின் பகுதி.

"இப்போ நான் மறுபடி பண்ணணுங்க. எழுபத்தஞ்சு வைக்கட்டுமா? இல்ல, அறுபத்தாறு வைக்கட்டுமா?"

எழுபத்தைந்து என்றால் வரப்போகிற யாரோ. அறுபத்தாறு என்றால் அவர். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. அண்ணன் திடீரென்று ஒரு ஸ்பானரை எடுத்து, சுத்தமாக இருந்ததை மேலும் துடைக்க ஆரம்பித்தான்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார் அவர்.

"நான் வேண்டாம்னு சொல்லி, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்கு எழுபத்தஞ்சு வைக்க மனசு வரலைங்க. கையும் வரலை. அதான் பார்த்தீங்களே."

அவர் கவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நிமிர்ந்து நின்ற அதன் முகத்தைப் பார்த்தார்.

"மூட்டை எதுக்கு? நானே உக்கார்றேன்" என்றபடி, அண்ணனிடம் கொடுத்த சுத்தியலைத் திரும்ப வாங்கி வண்டியின் பின்னிருக்கையில் போட்டார்.

வேலை மறுபடி தொடங்கியது. ஜாக்கியில் வண்டி நிற்கும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது. அதில் அவள் கண்டிப்பு. "இறங்குங்க" என்பாள், அவர் இறங்குவார். தூக்கி, போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, இறக்கி, "ஏறுங்க" என்பாள், அவர் ஏறுவார். ஆட்டுவாள், அளப்பாள். "இறங்குங்க."

"ஏம்மா, அளக்கறியா, என்னை உடற்பயிற்சி பண்ண வைக்கிறியா?"

"அளக்கிறேங்க. ஏறுங்க."

"மாப்பிள்ளை, கல்யாணத்தன்னைக்கே நான் சொன்னேன், நீங்க கேக்கலை" என்றான் அண்ணன்.

முதல் இரண்டு முறை கைப்பிடியைப் பிடித்துத் திணறித்தான் ஏறினார். நாலாவது முறை ஒரு கையால். ஆறாவது முறை ஏறும்போது அண்ணனோடு ஏதோ வழக்காடிக்கொண்டிருந்ததில் கைப்பிடியைப் பிடிக்கவே மறந்துவிட்டார். அவள் அதைப் பார்த்தாள். சொல்லவில்லை. சொன்னால் நினைவு வந்துவிடும்.

இரண்டு பக்கமும் நானூற்று எண்பத்தைந்து.

"முடிஞ்சதா?"

"இல்லைங்க. ஒரு சுற்று ஓட்டிட்டு வந்து, வண்டி படிஞ்ச பிறகு மறுபடி அளக்கணும். அப்படித்தான் பண்ணணும்."

அது உண்மையிலேயே அப்படித்தான். வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள், நோட்டிலும் இருந்தது. ஆனாலும் சொன்னபோது அவள் சரிவின் பக்கம் பார்க்கவில்லை.

அவர் சரிவைப் பார்த்தார். பட்டறையிலிருந்து தெருவுக்கு ஏறும் அதே சரிவு.

"நீயும் வர்றியா?"

வர வேண்டும் என்றுதான் இருந்தது. "நான் ஏறினா இந்தப் பக்கம் தாழ்ந்துடும். தனியாத்தான் போகணும்" என்றாள்.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் அவர் கையில் கிளம்பிய எஞ்சின் கிளம்பியது. வண்டி மெதுவாகச் சரிவில் ஏறியது. முக்கால்வாசி ஏறியதும் பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. தெருவில் ஒரு பள்ளி வேன் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தது. மேட்டிலேயே நிற்க வேண்டும். மேட்டிலிருந்தே கிளப்ப வேண்டும். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானர் நின்றுபோனது.

வேன் நகர்ந்தது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியது. அவள் கண் பின்சக்கரத்தை விட்டு நகரவில்லை. கிளட்ச் பிடிக்கும் அந்த இடத்தில் வண்டி லேசாக அதிர்ந்தது, நின்றது, யோசித்தது. பிரேக் விளக்கு அணைந்தது.

ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. நேராக மேலே ஏறி, இடது பக்கம் திரும்பி, மறைந்தது.

"ம்" என்றான் அண்ணன்.

வாங்க வந்தவர் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். ஒல்லியான, அவசரமான மனிதர். அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தான். ஐந்து பத்துக்குத்தான் வண்டி திரும்பி வந்தது. ஒரு சுற்று என்றால் ஐந்து நிமிடம். அவர் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இறங்கியவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் மட்டும் குளித்த மாதிரித் தெளிந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். வண்டி குடுக்கிறதா இல்லை" என்றார்.

"ஏன்? காலையில வரைக்கும் சரின்னுதானே சொன்னீங்க?"

"இப்போ என் எடைக்கு வச்சுட்டாங்க."

அந்த மனிதர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு காரணமா?" என்று கேட்டுக்கொண்டே மிச்ச டீயைக் குடித்துவிட்டு, சரிவில் விறுவிறுவென்று ஏறிப் போனார்.

அவள் குனிந்து அளந்தாள். படிந்த பிறகும் நானூற்று எண்பத்தைந்து, நானூற்று எண்பத்து நாலு. வண்டியின் பானட்டின் மேல் நோட்டை வைத்து எழுதினாள். அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்.

"எண்பத்தஞ்சு, எண்பத்து நாலுக்குக் கேள்விக்குறி இல்லை. ஆனா அறுபத்தாறுக்கு மட்டும் ஏன்? தராசு சரியாத்தானே காட்டிச்சு?"

"தராசு சரிதான்" என்றாள் அவள். "நீங்க இப்படியே இருக்கப் போறீங்களா என்ன? மூணு மாசம் கழிச்சு வாங்க, பார்த்துட்டு மறுபடி திருகி விடறேன்."

அவர் கவரிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து அவள் நோட்டின் மேல் வைத்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அவளும் பக்கத்தில் ஏறினாள். அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மாப்பிள்ளை!" என்று பின்னாலிருந்து கத்தினான் அண்ணன். "சுத்தியலை வண்டியில வச்சிருக்கீங்க. குடுத்துட்டுப் போங்க!"